மோவாயில் நின்ற சொட்டு

சத்தியம், சத்தியம், இன்னொரு தரமும் சத்தியம். தெருவே கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலையிலிருந்து என் வீட்டு ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் போகட்டும். காபிப் பைத்தியமான நான் இதைவிடப் பெரிய சாபத்தை எனக்கு நானே விட்டுக்கொள்ள முடியாது. கயிற்றில் தொங்குகிற மனுஷனின் மண்டைக்குள் ஓடியது தரையில் நிற்கிற உனக்கு எப்படியய்யா தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லாமலிருக்க எனக்கும் உண்டு.

பூவராகன் தொங்கிக்கொண்டிருந்தார். பூந்தமல்லி தாண்டி ஒரு படப்பிடிப்புத் தளம். சுவரெல்லாம் பச்சைத் துணி, தரையெல்லாம் பச்சைத் துணி, நடுவே இரண்டு ஆள் உயரத்தில் எழுபதைத் தாண்டிய மனுஷர், இடுப்பிலும் தொடையிலும் இறுக்கிய தோல் வார், ஜாக்கெட் என்பார்கள் அதை, அதிலிருந்து மேலே போகிற கம்பிக் கயிறு, முகத்தில் கருஞ்சிவப்பு முகமூடி, முதுகில் மஞ்சள் சால்வை, வலது கை முன்னால் நீட்டி, இடது கை இடுப்பில். வானவேங்கை பறக்கிற தோரணை அது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அப்படித்தான் ஓடியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்து வானவேங்கை தாமோதரம், கலர் வந்த பிறகு பூவராகன், அப்புறம் ஜெயசீலன், இப்போது யுகேந்திரன் என்று ஒரு பையன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, முதுகு மட்டும் கதவு மாதிரி. புதுப் படத்தில் அவன் முதல் தடவை பறக்கும்போது பழைய வேங்கைகள் எல்லாம் வானத்தில் அவன் பின்னால் வந்து ஆசி கொடுப்பதாக ஒரே ஒரு ஷாட். “சார், ஒரு லைட் மட்டும் சரியா விழல. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க,” என்று டைரக்டர் கீழேயிருந்து சொன்னான். அப்படியே இல்லாமல் வேறெங்கே போவது. தாமோதரம் மட்டும் தொங்கவில்லை. எண்பத்தெட்டு வயசில் அவரைத் தூக்கினால் கயிறு தாங்கும், அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முகத்தை மட்டும் தனியே படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஆகவே அவர் கீழே, மானிட்டருக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அடுத்த நாற்காலியில், மடியில் ஃபிளாஸ்க்கோடு, பூவராகனின் மனைவி செண்பகவல்லி. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு பூவராகனின் கண் வேறெங்கும் போகவில்லை.

என்ன பேசுகிறார்கள். சால்வை படபடப்பதற்காக வைத்த ராட்சசக் காற்றாடி போடுகிற சத்தத்தில் ஒரு சொல்கூட மேலே ஏறி வரவில்லை. அவள் தலை வகிடு தெரிகிறது, வகிட்டில் வைத்த குங்குமம் தெரிகிறது, அவருடைய வழுக்கை விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கிறது, வகிடும் வழுக்கையும் நெருங்கி நெருங்கி விலகுகின்றன, வாய் தெரியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் மனுஷர்களுக்கு வாயே இல்லை. தாமோதரத்தை வரச்சொல்ல மாட்டோம் என்றுதானே கம்பெனிக்காரன் சொன்னான், படுத்த படுக்கை, வாழ்த்து மட்டும் வாங்கிப் போடுகிறோம் என்றானே. அதை நம்பித்தானே இவளைக் கூட்டிக்கொண்டு வந்தது. இல்லை, கூட்டிக்கொண்டு வரவில்லை, அவளாகத்தான் வந்தாள், “ஒரு ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா இத்தன வருசத்துல, இன்னிக்கு நான் வரத்தான் போறேன்,” என்று காலையிலேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கே வந்து இறங்கினால், யாரோ இரண்டு பேர் கைத்தாங்கலாக அந்த மனுஷரைக் கொண்டுவருகிறார்கள். அவள் முழங்கையால் இடித்து, “என்னங்க, அவருதானே உங்க டூப்பு,” என்றாள். பூவராகன் வாயைத் திறப்பதற்குள் கயிற்றுக்காரர்கள் கொக்கியை மாட்டிவிட்டார்கள். தரை கீழே போய்விட்டது. டூப்பு. அந்தச் சொல்லை அவள் வாயில் போட்டது யார். யார் போட்டது என்று கேட்டுக்கொண்டால் மட்டும் தெரியாமலா போகும்.

தொடையில் ஜாக்கெட் வெட்டியது. பக்கத்தில் தொங்கிய ஜெயசீலன் கால்களை ஆட்டிக்கொண்டு, “அண்ணே, உங்களுக்கும் வெட்டுதா?” என்றார். “எனக்கு எல்லா இடத்துலயும்தான் வெட்டுது.” “பெரியவரு அண்ணிகிட்ட என்னமா பேசுறாரு பாருங்க. எங்கிட்ட காலையில ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. லேடீஸ்னா அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு தெம்பு வந்துருது.” “சும்மா இருய்யா.” “பழைய சங்கதியெல்லாம் எடுத்து விடுவாரு இன்னிக்கு. முதப் படத்துலேருந்து ஆரம்பிப்பாரு.” ஜெயசீலனுக்கு ஒரு சூதும் தெரியாது. தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும்: முதல் நாலு படத்து வானவேங்கை தாமோதரம். தொழிலுக்கு வெளியேதான் அது தெரியாது. பழைய படக்கம்பெனி முதலாளி செய்த வேலை அது. ‘வானவேங்கையாக நடிப்பவர் வானவேங்கை’ என்றுதான் டைட்டில் போடுவான் மகராசன். முகமூடியைப் படம் முடிகிறவரை கழற்றக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. குரலுக்கு வேறொரு ஆள், கடைசிவரைக்கும் அதே ஆள். ஆக ஜனங்களுக்கு வானவேங்கை ஒரே மனுஷன். கண்ணும் நெற்றியும் மூக்கும் முகமூடிக்குள். வெளியே தெரிகிறது மோவாய் மட்டும். தாமோதரத்துக்கு வயசாகி மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாய் வந்ததும் முதலாளி வெற்றிலை ஒன்றை அந்தப் பழைய மோவாய் அளவுக்கு நறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சென்னைப் பட்டணம் முழுக்க, பஸ் கண்டக்டர், பிரசங்கி, போலீஸ்காரன் என்று கண்ட ஆளின் முகத்தில் எல்லாம் ஒட்டிப் பார்த்துக்கொண்டு அலைந்தான். வெற்றிலை வாடினால் புது வெற்றிலை. கடைசியில் ஆளைக் கண்டுபிடித்தது முதலாளி இல்லை, தாமோதரம். வடபழனியில் ஒரு மெஸ்ஸில், எதிர் இலையில் சோறு பிசைந்துகொண்டிருந்த நாடகக் கம்பெனிப் பையனைப் பார்த்து, “தம்பி, நிமிரு. இன்னும் கொஞ்சம். முதலாளியோட வெத்திலை நீதான்,” என்றார். தன் இடத்துக்குத் தானே ஆள் பிடித்துக் கொடுத்த மனுஷர்.

முகமூடிக்குள் வியர்த்தது. இது புது முகமூடி, பிளாஸ்டிக்கோ ரப்பரோ, வாசனையே இல்லை. அந்தப் பழையது தோல். தாமோதரத்தின் முகத்தில் மாவு அப்பி அச்செடுத்துச் செய்தது. ராசி போய்விடும் என்று முதலாளி அதைக் கழுவவே விடமாட்டான், வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவதோடு சரி. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டபோது உள்ளே இன்னொரு மனுஷர் ஏற்கெனவே குடியிருந்தார். அவர் மூக்குக்கு ஏற்ற மேடு, அவர் கன்னத்துக்கு ஏற்ற குழி, அவருடைய புகையிலை வாசனை. மூச்சு முட்டிக் கழற்றி எறியப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு தாமோதரம் சொல்லிக்கொடுத்தார், வாயால் இழுத்து மூக்கால் விடு, பயந்தால் இரண்டையும் மாற்றிச் செய், மேலே போனதும் கீழே பார்க்காதே, தூரத்தில் ஒரு விளக்கைப் பார். கீழே பார்க்காதே. இப்போது எத்தனை நேரமாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தோலுக்குள் பத்து வருஷம் இருந்து இருந்து பூவராகனின் மூக்கே இடது பக்கம் ஒதுங்கி, தாமோதரத்தின் மூக்கு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் முகம் சவரம் செய்யும்போதெல்லாம் அந்த மூக்கு அவரைப் பார்க்கும். வீட்டுக்கு வராத மனுஷரின் மூக்கு மட்டும் தினமும் காலையில் வந்துவிடும். மூக்கும் அவருடையது, தோரணையும் அவருடையது, மூச்சும் அவர் சொல்லிக்கொடுத்தது. அந்தச் சொட்டும் அவருடையது.

சொட்டு. அங்கேதான் போய் நிற்கும் எல்லாம். வேறு எதையாவது நினைக்கலாம், வயிற்றை நினைக்கலாம், காலையில் குடித்த இளநீரை நினைக்கலாம், அது இப்போது எங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைக்கலாம், நினைத்தால் அதுவும் பயமாக இருக்கிறது, மஞ்சள் சால்வையோடு போய்விடும் மானம். ஆனாலும் சொட்டுக்குத்தான் திரும்பும். முதல் படத்தில் வானவேங்கையைப் பஞ்சாலைச் சக்கரத்தில் கட்டிவைத்து எதிரே அவன் தாயை நிறுத்துகிறான் வில்லன். நீ யாரென்று சொல், இல்லையென்றால் இவளைக் கொன்றுவிடுவேன் என்கிறான். வானவேங்கை பேசவில்லை. முகமூடிக்கு அடியிலிருந்து கண்ணீர் ஒரு கோடாக இறங்கி வந்து மோவாய் நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டு நிற்கிறது. காமிரா கிட்டே போகிறது. சொட்டு நிற்கிறது, நடுங்குகிறது, இதோ விழப் போகிறது, இடைவேளை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு டென்ட் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த சின்னப் பெண் செண்பகவல்லி அதைப் பார்த்தாள். முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் கதை வேறெங்கேயோ போய்விட்டது. அந்தச் சொட்டு விழுந்ததா இல்லையா என்று எவனும் காட்டவில்லை. அவள் அதோடு வளர்ந்தாள். சமைந்தாள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள், தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்கினாள், மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள். நான்காவதாகத் தரகர் வந்து, பட்டணத்து வரன், வெளியே சொல்லக் கூடாது, ஆனால் வானவேங்கை இந்தப் பையன்தான் என்றபோது, போட்டோவைக்கூட வாங்கிப் பார்க்காமல் சரி என்றுவிட்டாளாம். கல்யாணம் முடிந்த அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தவள் பால் கொடுக்கவில்லை, காலில் விழவில்லை, கிட்டே வந்து ஒற்றை விரலால் அவர் மோவாயைத் தொட்டாள். “இங்கதானே நின்னுச்சு,” என்றாள்.

ஒரு பெண் தன்னை இப்படிப் பார்ப்பாள் என்று பூவராகன் கனவிலும் நினைத்ததில்லை. நாடகக் கம்பெனியில் கதவைத் திறந்து விடுகிற சேவகன் வேஷம் போட்டவர். அம்மா இல்லாமல், அத்தை வீட்டு மிச்சத்தில் வளர்ந்தவர். அந்த விரல் சூடாக இருந்தது. அது நான் இல்லையம்மா, அது தாமோதரம் அண்ணன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும், வாயால் இழுத்து மூக்கால் விடுகிற நேரம். “ஆமா,” என்றார். “நெஜ அழுகையா?” “நெஜந்தான்.” “அப்புறம் விழுந்துச்சா?” அதற்கு என்ன சொல்வது, அவருக்கு எப்படித் தெரியும், “இல்ல, அங்கேயே காஞ்சு போச்சு,” என்றார். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவ்வளவு வருஷம் தொண்டையில் சிக்கிக் கிடந்தது இறங்கினாற்போல ஒரு சிரிப்பு. உண்மையான சங்கதி என்னவென்றால், அந்தச் சொட்டு நடிப்பும் இல்லை, நிஜமும் இல்லை, எறும்பு. முகமூடிக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்து இமையில் கடித்துக்கொண்டிருந்தது, கை இரண்டும் சக்கரத்தில் கட்டு, காமிரா ஓடிக்கொண்டிருக்கிறது, கத்தினால் பிலிம் வீண் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாராம் தாமோதரம். டீக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். அந்த எறும்புக் கதையையாவது செண்பகவல்லியிடம் சொல்லியிருக்கலாம், பெயரை மாற்றித் தன்னையே எறும்பு கடித்ததாகச் சொல்லியிருக்கலாம், இரண்டு பேரும் சிரித்திருக்கலாம், பொய்யின் பாரம் பாதி குறைந்திருக்கும். சொல்லவில்லை. அவளுக்கு எறும்பு பிடிக்காது.

பிறகு ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. இல்லை, பிறகு இல்லை, அதற்கு முன்பே. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த வாரம். பெண்வீட்டில் வானவேங்கை என்று சொல்லித்தான் பேச்சு நடக்கிறது, முதல் படத்திலிருந்தே இவர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. தாமோதரம் கல்யாணத்துக்கு வந்தால் சும்மா இருக்கிற மனுஷரா, பெண்வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பஞ்சாலைக் கதையிலிருந்து ஆரம்பிப்பார். என்ன செய்வது. ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் ஸ்டுடியோ கேண்டீனில், அத்தனை பேர் பார்க்க, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்த தாமோதரத்திடம் போய், “நீங்க ஏன் தினமும் செட்டுக்கு வந்து நிக்கிறீங்க? ஒங்களையும் என்னையும் ஒப்பிட்டுப் பாக்கட்டும்னுதானே? பழைய சம்பாத்தியத்துல வாழ முடியலேன்னா அதுக்கு நான் என்ன பண்றது? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க,” என்றார். எல்லாம் முந்தின ராத்திரி ஒத்திகை பார்த்த வசனம். நாடகக்காரன் இல்லையா. திக்காமல் வந்தது. தாமோதரம் கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ இருந்தது. “சரிப்பா,” என்றார். தம்பி என்று சொல்லவில்லை. சரிப்பா. திட்டியிருந்தால் இவரும் திட்டியிருக்கலாம், அடித்திருந்தால் அழுதிருக்கலாம், சரிப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எங்கே வைப்பது. குளிக்கும்போது வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். யாராவது மளிகைக்கடையில் சில்லறை இல்லப்பா, சரிப்பா என்று பேசிக்கொண்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார். தாமோதரத்தின் சம்சாரம் செத்தபோது துக்கத்துக்குப் போக வேண்டும் என்று சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். செண்பகவல்லியும் “தெரிஞ்சவங்கதானே, நானும் வரேன்,” என்று புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். தலைவலி என்று சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்துவிட்டார். அப்புறம் ஒரு வாரப் பத்திரிகையில், முதல் வானவேங்கை என்று தாமோதரத்தின் போட்டோ போட்டு அரைப் பக்கம் வந்தது. செண்பகவல்லி அதை நீட்டி, “யாருங்க இது, என்னமோ இவருதான் மொதல்ல நடிச்சாருன்னு போட்டிருக்கான்,” என்றாள். அப்போதுதான் சொன்னார். “எனக்கு டூப் போட்டவரு. டூப்புங்க எல்லாம் வயசான காலத்துல இப்படித்தான் சொல்லிக்குவாங்க, பாவம்.” பாவம் என்று ஒரு சொல்லை வேறு சேர்த்தார் பாருங்கள், அது யாரும் கேட்காமலே வந்தது.

இப்போது கீழே தாமோதரம் கையைத் தூக்கினார். மெதுவாக, நடுங்கிக்கொண்டே அந்தக் கை மேலே வந்து, ஒற்றை விரலால் தன் மோவாயைத் தொட்டது. முடிந்தது. அங்கேயே போய்விட்டார்கள். சொட்டுக்கே போய்விட்டார்கள். செண்பகவல்லி முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்குகிறது, சிரிக்கிறாளா, அழுகிறாளா, மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. கத்தலாமா. லைட்டை நிறுத்துங்கள், மயக்கமாக வருகிறது, இறக்குங்கள் என்று சொல்லலாமா. இறக்கினால் அங்கேதானே இறக்குவார்கள். பத்துத் திருடர்களை ஒரே உதையில் வீழ்த்துகிறவன், ரயிலைத் தோளால் நிறுத்துகிறவன், இரண்டு நாற்காலிக்கு நடுவே போய் நிற்கக் கால் வரவில்லை. தெரிந்தால் என்ன செய்வாள். கத்த மாட்டாள், அவள் குணம் அது இல்லை. ஃபிளாஸ்க்கை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு காரில் போய் உட்காருவாள். வீட்டுக்கு வந்து ரசம் வைப்பாள். டைபாய்டு வந்து கிடந்தபோது மாதக்கணக்காக முதுகைத் துடைத்துவிட்டாளே, அது யாருக்குத் துடைத்தாள். படம் இல்லாமல் போய்ப் பிராவிடண்ட் ஃபண்டும் இல்லாமல் உட்கார்ந்தபோது ஊறுகாய் போட்டு விற்றாளே, அது யாருக்காகப் போட்டாள். சொட்டு நின்ற மோவாய்க்காகத்தான் என்றால், இந்த வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டது யார். பூவராகன் என்று ஒரு ஆள் அங்கே இருந்தானா. ஒருவேளை நடுவில் எப்போதோ, எந்த வருஷம் என்று தெரியாமலே, சொட்டை மறந்து அவரையே அவளுக்குப் பிடித்துப்போயிருக்கலாம். இருக்கலாம். கேட்டால்தானே தெரியும். கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டுமே. “அண்ணே, என்ன இப்படி ஆடுறீங்க,” என்றார் ஜெயசீலன். “காத்து.” “காத்தாடி நின்னு ரொம்ப நேரமாச்சே.” நின்றிருந்தது. கவனிக்கவில்லை. காற்றாடி நின்று தளமே அமைதியாகி, இப்போது காது கொடுத்தால் கேட்கும். காது கொடுத்தார். கேட்கவில்லை, அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரம் விரலை நீட்டி அவரைக் காட்டி ஏதோ ஒன்று மெல்லச் சொல்ல, அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, புதுசாக யாரையோ பார்ப்பது போல, நெடுநேரம் பார்த்தாள். அவர் என்ன செய்தார் தெரியுமா. பழக்கதோஷம். நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

லைட் சரியாகிவிட்டது. காற்றாடி போட்டான், கயிற்றை இழுத்தான், மூன்று பேரும் பச்சைத் துணிக்கு மேலே ஒரு வட்டம் பறந்தார்கள், யுகேந்திரன் முன்னால் கதவு முதுகோடு போனான், கைதட்டினார்கள். “பாத்துட்டுச் சொல்றேன் சார், கொஞ்சம் கீழ இறங்கி உக்காருங்க,” என்றான் டைரக்டர். இறக்கினார்கள். கொக்கியைக் கழற்றாமலே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். தாமோதரத்தை அதற்குள் முகம் எடுப்பதற்காக அடுத்த தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் நாற்காலி மட்டும் இருந்தது. செண்பகவல்லி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. முகமூடியை அவளே நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

“குடிங்க. ஆறிப்போயிரும்.”

“என்ன சொன்னாரு?”

“யாரு?”

“அவரு.”

“நான்தான் மொதல்ல பேசினேன். எங்க வீட்டுக்காரருக்காக எவ்வளவு அடிபட்டிருப்பீங்க, ஒரு நாளும் ஒங்களைப் பாத்து ஒரு வார்த்தை நன்றி சொல்லலைன்னு சொன்னேன். டூப் போட்டது நீங்கதானேன்னு கேட்டேன்.”

பூவராகன் தரையைப் பார்த்தார். பச்சையாக இருந்தது.

“கொஞ்ச நேரம் பேசாம ஒங்களையே அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், ஆமாம்மா, நான்தான்னாரு. முட்டி ரெண்டும் பேந்தது, விலா ஒடஞ்சது எல்லாம் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தப் பஞ்சாலை ஸீனைக் கேட்டேன். மனுசன் அப்படியே காமிக்கிறாரு, இதோ இங்க நின்னுச்சும்மா, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன், கீழ விழவே இல்ல, காஞ்சுதான் போச்சுன்னு. நீங்க அன்னிக்கிச் சொன்னது அச்சு பிசகாம. எனக்கு அழுகையே வந்துருச்சு.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “கடைசியில ஒண்ணு சொன்னாரு பாருங்க. அவரும் நானும் ஒரே ஆளும்மா, விழுந்ததெல்லாம் நான், அழுததெல்லாம் அவருன்னாரு.”

ஞாபகம் தப்பிவிட்டதா மனுஷருக்கு. இந்த வயசில் எல்லாம் குழம்பிப்போய், யார் எது என்று தெரியாமல், கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டாரா. அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படியிருந்தால் நல்லது. ஆனால் கொஞ்ச நேரம் பேசாமல் அண்ணாந்து பார்த்தாராமே. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார், கேண்டீனை, கல்யாணப் பத்திரிகையை, வராமல் போன துக்கத்தை, எதற்காக அன்றைக்கு அப்படிப் பேசினான் இந்தப் பயல் என்பதை. அத்தனை வருஷம் விளங்காதது ஒரு நொடியில் விளங்கியிருக்கும். கணக்கைத் தீர்க்க ஒரு சொல் போதும், அது அவர் வாயில்தான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, இருந்த ஒரே சொட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் இவள் பார்ப்பாள். டூப்பு காலை எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்பாள்.

செண்பகவல்லி காபியை அவர் உதட்டருகே கொண்டுவந்தாள். அவளுக்கு இப்போது அவர் மேல் கோபம் இருந்தது, நல்ல நியாயமான கோபம்.

“எனக்கு ஒண்ணுதான் விளங்கல. வீட்டுக்கு ஒரு தடவ வாங்கன்னேன். அவரு கூப்புடச் சொன்னாரான்னு கேட்டாரு, கொழந்த மாதிரி. இவ்வளவு நல்ல மனுசனை ஏங்க நீங்க ஒரு நாளும் வீட்டுக்குக் கூப்புடல? ஒங்களுக்கு என்ன பண்ணினாரு அவரு?”

பூவராகன் வாயைத் திறந்தார். ஒரு சொல் வந்தது. “செம்பகம்,” என்றார். அடுத்த சொல் நாக்குக்கு அடியில் திரண்டு நின்றது. அவள் ஃபிளாஸ்க்கைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துளி சந்தேகமில்லை, கேட்டால் பதில் வரும் என்று நம்புகிற முகம், இத்தனை வருஷமும் அப்படியே நம்பிய முகம்.

“சார், ஒன் மோர் போகணும், ஸாரி,” என்று கத்தினான் டைரக்டர். “முடியலேன்னா சொல்லுங்க சார், ஒங்களுக்கு டூப் போட்டு எடுத்துக்கலாம்.”

“வேண்டாம்,” என்று பூவராகன் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார். “நானே வரேன். தூக்குப்பா.”

“காபி குடிக்கல நீங்க,” என்றாள் செண்பகவல்லி. கயிறு இறுகியது. பாதம் துணியை விட்டுக் கிளம்பியது. அவள் மூடியில் காபியோடு அண்ணாந்து நின்றாள், சின்னதாகிக்கொண்டே போனாள். உதடு அசைந்தது, மறுபடியும் அதே கேள்விதான். அதற்குள் அவள் வாய் மறைந்து வகிடு மட்டும் தெரிகிற உயரத்துக்கு அவர் வந்துவிட்டார். “அண்ணே, இப்ப சீக்கிரம் முடிச்சுருவான்,” என்று ஆறுதல் சொன்னார் ஜெயசீலன். “அவசரம் இல்ல,” என்றார் பூவராகன். “மெதுவா எடுக்கட்டும்.”

அவ்வளவுதான், இதற்கு மேல் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதற்கில்லை. அந்த அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. தாமோதரம் இன்னும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நீங்கள் போய் அவளிடம் சொல்லிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சொல்லித் தொலையுங்களேன் என்று சில சமயம் தோன்றவும் செய்கிறது. எதைச் செய்தாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கையெடுத்துக் கும்பிடுகிறேன்: யார் சொன்னது என்று கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். என்னை உங்களுக்குத் தெரியாது.